காவல் கோடு

இந்த மேஜைக் கண்ணாடியின் ஓரத்தில், உங்கள் இடது முழங்கைக்குக் கீழே, ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. கவனித்திருக்க மாட்டீர்கள். பயப்பட வேண்டாம், அது ஒன்றும் செய்யாது. நகத்தால் தடவினால் மேலோடு தட்டும், அவ்வளவுதான், உள்ளே இறங்கவில்லை. இரண்டு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டால் சட்டைக் கையில் மாட்டாது. பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை ஐயா, தொழில் புத்தி.

ஏட்டு மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நான் சொல்கிற வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். நடுவில் இருந்து பிடித்தால் நான் ஏதோ கொடுமைக்காரன் மாதிரித் தெரியும்.

இருபத்தைந்து வருடமாக மீன் தொட்டி செய்கிறேன். கண்ணாடி அறுப்பது, ஓரம் தேய்ப்பது, பசை வைப்பது எல்லாம் நானே. உடைந்ததைப் பழுது பார்ப்பதும் நானே. வாங்க வருகிறவர்கள் மீனைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கண்ணாடியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஐந்தடித் தொட்டியில் நானூற்றைம்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு பெரிய ஆட்களை ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அடைத்து வைத்த மாதிரி. அதை வரவேற்பறையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால், அது எங்களைப் போன்றவர்கள் மேல் உள்ள நம்பிக்கைதான்.

அடிபட்ட கண்ணாடி இரண்டு வகை. ஒன்று, இந்த மேஜையில் இருப்பது மாதிரி வெறும் சில்லு. தேய்த்து, பூசி, மறந்துவிடலாம். இன்னொன்று, பெயர்ந்த இடத்திலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் கிளம்பி நிற்கும். அதை நாங்கள் வால் என்போம். வால் விட்டால் கண்ணாடியை மாற்ற வேண்டும். உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வால் முடிகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவோம். காவல் கோடு என்று பெயர். வால் கோட்டுக்குள் இருக்கும்வரை தொட்டி நிற்கும். தாண்டிவிட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து செய்கிறேன் என்ற பேச்சே கூடாது.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். தலை பின்னிவிட நான் கற்றுக்கொண்டேன். முதல் ஆறு மாதம் கோணலாகத்தான் வந்தது, பள்ளியில் எல்லோரும் சிரித்தார்கள் என்று அழுதாள். பிறகு நேராக வந்தது. எனக்கு வந்த இரண்டு மூன்று சம்பந்தங்களை நான் தட்டிக் கழித்தேன். வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற பயம். இதை யாரிடமும் சொல்லிக்காட்டியது கிடையாது, கேட்டதால் சொல்கிறேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவர். தங்கமான மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். தன் தொழிலில் படு கறார். மாத்திரைப் பட்டையை எடுத்தால் முன்னும் பின்னும் தேதி பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். சமையலறையில் உப்பு டப்பாவுக்குக்கூட லேபிள் ஒட்டி, திறந்த தேதி எழுதி வைத்திருப்பார். தங்கை அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வாள்.

கல்யாணப் பரிசாக அந்த ஐந்தடித் தொட்டியைச் செய்து கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்கு இரண்டடி போதும். அப்போதே அவர், "எதுக்கு மச்சான் இவ்வளவு பெருசு?" என்று கேட்டார். இரண்டடித் தொட்டியை அவர்களே கழுவிக்கொள்வார்கள். ஐந்தடியை என்னைப் போல் ஒருவர் வாரம் தவறாமல் வந்து பார்க்க வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அங்கே வேலை இருந்தது. காலையில் போவேன், கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன், வடிகட்டி கழுவுவேன், மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஏழு வருடத்தில் நான் போகாத ஞாயிறு இரண்டே இரண்டு. இரண்டும் காய்ச்சல்.

தொட்டியில் ஒரு பெரிய ஆஸ்கார் மீன் இருந்தது. தங்கை அதை மேனேஜர் என்று கூப்பிடுவாள். யார் வந்தாலும் கண்ணாடியோரம் வந்து, ஏன் தாமதம் என்று கேட்கிற மாதிரி முறைக்கும். என்னைப் பார்த்தால் மட்டும் முறைக்காது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாப்பிள்ளை திரைச்சீலை மாட்ட இரும்பு நாற்காலியில் ஏறினார். இறங்கும்போது நாற்காலி சாய்ந்து அதன் கால் தொட்டியின் முன் கண்ணாடியில் இடித்தது. இடது பக்கம், அடி மூலையில். உடனே எனக்குப் போன் செய்தார். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கட்டை விரல் நகம் அளவுக்குச் சில்லு, அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வால்.

அன்றைக்குத்தான் அவர் அந்தச் செய்தியையும் சொன்னார். பன்னிரண்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் வீட்டைக் காலி செய்கிறார்கள். தங்கைக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் ஒரு மாதமாகத் தயங்கியிருக்கிறார்கள்.

"நீங்களும் எங்ககூட வந்துடுங்க மச்சான். அங்க மாடியில ஒரு ரூம் இருக்கு" என்றார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் ரூம் என்றால் என்ன ஐயா? விருந்தாளிக்குக் கொடுப்பது. அவளை வளர்த்தவனுக்கு அவள் வீட்டில் ஒரு ரூம். நான் வரவில்லை மாப்பிள்ளை என்றேன். பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன், தேதி எழுதினேன்.

"தண்ணியை எல்லாம் இறக்கிடலாமா?" என்று கேட்டார். "எப்படியும் நாங்க போகும்போது நீங்க எடுத்துட்டுப் போகப்போறீங்க."

"மேனேஜர் வேற தொட்டியில ரெண்டு நாள் தாங்காது மாப்பிள்ளை. கோடு போட்டாச்சு. தினமும் பாருங்க, தாண்டினா எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் கவலை வேண்டாம்."

தண்ணீரைப் பாதிக்கு இறக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. அது என் பங்கில் ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். பாதித் தொட்டி என்றால் வேலையும் பாதி. பாதி வேலைக்கு ஒரு முழு ஞாயிறு எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தோன்றியது.

அவர் தினமும் பார்த்தார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, குனிந்து, கோட்டையும் தேதியையும் பார்த்துவிட்டுத்தான் சட்டை போடுவார் என்று தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். மருந்துக்காரர் பாருங்கள். எழுதி ஒட்டியிருப்பதை நம்புவதுதான் அவர் தொழில். பாட்டிலைத் திறந்து நக்கிப் பார்த்துவிட்டா மருந்து கொடுக்கிறார்கள்?

இரண்டாவது ஞாயிறு போனபோது வால் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் மாற்றி நிரப்பி முடித்தபோது ஓர் அரிசி நீளம் தாண்டியிருந்தது. தங்கை சமையலறையில், மாப்பிள்ளை குளியலறையில். நியாயமாக நான் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? தொட்டியைக் காலி செய்து பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஜூன் வரைக்கும் இருந்த ஞாயிறுகள் அன்றோடு முடிந்துபோகும். இருப்பதே பத்து ஞாயிறு ஐயா. அதையும் நானே என் கையால் கொடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

பையில் ஸ்பிரிட் இருந்தது, பஞ்சும் இருந்தது. கோட்டைத் துடைத்தேன். வாலுக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகப் போட்டேன். அதே பென்சில், அதே கையெழுத்து, அதே பழைய தேதி. முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாப்பிள்ளை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, குனிந்து பார்த்து, "அப்படியே இருக்கு மச்சான்" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, நான் செய்தது அப்படியொன்றும் தப்பில்லை என்றே எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான்கு முறை துடைத்தேன். நீங்கள் ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள், முதல் தடவையையும் சேர்த்துக்கொண்டால் ஐந்து, சரிதான். மே மாத நடுவில் வால் ஒரு சாண் நீளம் ஆகிவிட்டது. அப்போது மாப்பிள்ளைக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"கொஞ்சம் நீண்ட மாதிரி இல்ல மச்சான்?"

"கோட்டைத் தாண்டியிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன மாப்பிள்ளை?"

"அதானே. கோடு போட்டிருக்கும்போது நான் எதுக்குக் கண்ணை நம்பணும்" என்று சொல்லித் தன்னையே கேலி செய்துகொண்டார். மூலையிலிருந்து ஒரு ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் விஷயம் அன்றே தெரிந்திருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. தங்கைதான் கெட்டிக்காரி. தட்டைக் கழுவிக்கொண்டே, "கோடு அந்த வெள்ளைக் கல்லுக்கு நேரா இருந்துச்சுல்ல அண்ணா?" என்றாள். கழுவும்போது கல்லை நான்தான் நகர்த்தினேன் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லி அவள் எதையும் நம்பாமல் இருந்ததில்லை. இந்தக் கல் விஷயத்தை உங்களிடம் சொன்னது அவள்தான் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

அப்போதெல்லாம் என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் கண்ணாடி விடும், வீடு நனையும். தரை கெடும், சாமான்கள் கெடும், அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும். பயணம் தள்ளிப்போகும். தள்ளிப்போகிற காரியம் சில சமயம் நின்றும் போகும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டும் என்று நினைக்கவில்லை.

லாரி வருவதற்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். சனிக்கிழமை எதற்குப் போனாய் என்று கேட்கிறீர்கள். பெட்டி கட்ட உதவலாம் என்றுதான். வீடெல்லாம் அட்டைப் பெட்டி. வரவேற்பறையில் தொட்டிக்கு முன்னால் மட்டும்தான் உட்கார இடம் இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர் தோளில் சாய்ந்து, சுற்றத் தெரியவில்லை என்று அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை.

நான் தொட்டியைப் பார்த்தேன். வால் கோட்டைத் தாண்டி, கண்ணாடியின் நடுவரை போயிருந்தது. காலையில் அவர் பார்த்த பிறகுதான் ஓடியிருக்க வேண்டும். அடியில், பசை வைத்த மூட்டில், ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. விரலால் துடைத்தேன். திரும்ப வந்தது. இன்னொரு முறை துடைத்தேன். அதற்குள் வந்தது. எங்கள் தொழிலில் எவனைக் கேட்டாலும் சொல்வான், அந்தச் சொட்டுக்கு அப்புறம் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்.

தங்கையைப் பார்த்து, "வாம்மா, பெட்டி ஒட்டுற டேப் வாங்கிட்டு வரலாம்" என்றேன்.

"நீயே போயிட்டு வாயேண்ணா. கால் வலிக்குது."

"நீ வந்தாதான் எத்தனை வேணும்னு தெரியும்."

மாப்பிள்ளை சிரித்தார். "போயிட்டு வா. நீ இல்லாட்டி வேலை சீக்கிரம் முடியும்."

அவள் அவர் மேல் ஒரு காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு எழுந்தாள். செருப்பை எடுத்து நானே அவள் காலடியில் வைத்தேன். வாசலுக்குப் போன பிறகு ஒன்று தோன்றியது. அவர் தொட்டியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தால் கோட்டைப் பார்ப்பார். அதனால், "இப்படித் திரும்பி உட்காருங்க மாப்பிள்ளை, ஜன்னல் வெளிச்சம் கையில விழும்" என்றேன். அவர் உடனே திரும்பிக்கொண்டார். யார் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிற சுபாவம். முதுகுக்குப் பின்னால் ஓரடி தள்ளித் தொட்டி. உட்கார்ந்திருக்கிறவருக்குக் கழுத்து உயரத்தில் கண்ணாடி.

கடை தெரு முனையில்தான். டேப் வாங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. வெயிலாக இருக்கிறது, ஒரு ஜூஸ் குடிக்கலாம் என்றேன். அவருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்க் குடிப்போம் என்றாள். உட்கார் என்றேன், உட்கார்ந்தாள்.

எலுமிச்சை ஜூஸைக் கலக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "உன்கிட்ட சொல்லாதேன்னு அவர் சொன்னார். நீ வரமாட்டேன்னு சொன்னதுல இருந்து அவருக்குத் தூக்கமே இல்ல. அங்க நம்ம வீட்டுக்கு ரெண்டு கட்டடம் தள்ளி உனக்கு ஒரு பட்டறை பார்த்திருக்கார். முன்பணமும் கொடுத்தாச்சு. பலகையில உன் பேர்தான் எழுதணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். நீ கிளம்புண்ணா, நீ இல்லாம நான் அங்க என்ன பண்ணுவேன்?"

இந்த இடத்தை ஏட்டு சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். என் சட்டைப் பையில் போன் இருந்தது. எழுந்து வெளியே வாருங்கள் மாப்பிள்ளை என்று நான்கு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார். சுவரில் கடிகாரம் இருந்தது, நாங்கள் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. நான் யோசித்தேன். கூப்பிட்டால் அவர் வெளியே வருவார். பிறகு தொட்டி உடையும். பிறகு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதை அவர் கேட்க மாட்டார், இவள் கேட்பாள். இவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்னால் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியாது.

பட்டறை நல்ல யோசனைதான், பார்க்கலாம் என்றேன். இன்னொரு ஜூஸ் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து வயதுப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பியபோது மாடி வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வாசற்படி வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்ததை உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. தங்கை துண்டை எடுத்து அவர் கழுத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் முதலில் மேனேஜரைத் தூக்கி வாளியில் போட்டேன் என்று தையல்காரம்மா சொல்லியிருக்கிறார். உண்மைதான். தரையில் துடித்துக்கொண்டிருந்தது, கைப்பழக்கத்தில் எடுத்துவிட்டேன். அதைப் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். மீனுக்கு இன்னும் உயிர் இருந்தது.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். வீடு நனையும் என்று மட்டும்தான் நினைத்தாய் என்றால், தங்கையை ஏன் வெளியே கூட்டிக்கொண்டு போனாய்? நேற்று முழுக்க இதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். அவள் காலில் செருப்பு இல்லை. கண்ணாடி வெட்டும் ஐயா. எவ்வளவு வெட்டும் என்று எனக்குத் தெரியாதா? அவருக்கு என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். அந்தச் சொட்டைத் துடைத்த நிமிடத்திலிருந்து தெரியும். தெரிந்துதான் அவரைத் திரும்பி உட்காரச் சொன்னேன். எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாளாம். கோபம் இருக்கத்தானே செய்யும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள், மூன்றாம் நாள் தானாக வந்து அண்ணா என்று பக்கத்தில் உட்காருவாள். இன்றைக்குப் பதினேழு நாள் ஆகிறது. கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. அவர்கள் எவ்வளவு நாள் வைத்துப் பார்ப்பார்கள்? இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?